ஒரு நாள் உடுத்தினால் போதுமா?



உங்கள் பள்ளியில் மாறுவேடப் போட்டி நடந்திருக்கும். ஒருவன் பாரதியாராக வந்திருப்பான். ஒருத்தி ஜான்சி ராணியாக வாள் பிடித்திருப்பாள். போட்டி முடிந்ததும் ஒட்டு மீசையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, எல்லாரும் ஐஸ்கிரீம் வாங்க ஓடியிருப்பீர்கள். சரிதானே?

ஒரு நாட்டில், ஆண்டுக்கு ஒரு முறை, ஊரே இப்படி விதவிதமாக உடுத்திக் கொண்டு கொண்டாடுகிறது. ஆனால், அது மாறுவேடம் இல்லை. அவரவர் சொந்த உடை!

அந்த நாடு, தென்னாப்பிரிக்கா. அந்த நாள், செப்டம்பர் 24. பெயர், பாரம்பரிய தினம். அன்று நாடு முழுவதும் அரசு விடுமுறை. அந்த வாரத்தில் பல பள்ளிகளில் சீருடைக்கு லீவு! ஜூலு வீட்டுப் பிள்ளைகள் வண்ண வண்ணப் பாசிமணிகள் அணிந்து வருவர். சோத்தோ வீட்டுப் பிள்ளைகள், தங்கள் இனத்தின் அழகான போர்வையைத் தோளில் போர்த்தி வருவர். இந்திய வீட்டுப் பெண்கள் புடவையிலும், பையன்கள் ஜிப்பாவிலும் வருவர்.

இந்த விழா எப்படிப் பிறந்தது தெரியுமா? ஒரு சண்டையிலிருந்து!

சண்டையில் பிறந்த விழா

தென்னாப்பிரிக்காவில் 1948 முதல், நிறவெறியையே அரசு தன் கொள்கையாக வைத்திருந்தது. வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தவர், இந்தியர் என்று மக்களைச் சட்டம் போட்டுப் பிரித்தனர். தனித்தனிப் பள்ளி, தனித்தனிக் கடற்கரை. பூங்காவில் உட்காரும் பெஞ்சு கூடத் தனித்தனி! இதை எதிர்த்துப் போராடிய நெல்சன் மண்டேலா, 27 ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1994ல் எல்லாரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் நடந்தது. மண்டேலா அதிபரானார்.

புதிய அரசு, விடுமுறை நாட்களின் புதிய பட்டியலைத் தயாரித்தது. அதில் செப்டம்பர் 24 இல்லை. அது ஜூலு மக்கள், தங்கள் மன்னர் ஷாகாவை நினைவுகூரும் நாள். பல சிறு குலங்களைச் சேர்த்து ஜூலு அரசை உருவாக்கியவர் அவர், 1828ல் கொல்லப்பட்டார். 'எங்கள் நாளை எப்படி விடலாம்?' என்று, ஜூலு மக்களிடையே செல்வாக்குள்ள இன்கதா கட்சி எதிர்ப்புத் தெரிவித்தது.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. 'நாள் இருக்கட்டும், ஆனால், அது எல்லாருக்கும் பொதுவான நாளாக இருக்கட்டும். அவரவர் தங்கள் பாரம்பரியத்தைக் கொண்டாடட்டும்' என்று முடிவானது. 1995ல் முதல் பாரம்பரிய தினம் வந்தது. ஷாகாவின் நினைவிடம் உள்ள குவாடுகுசா ஊரில், ஜூலு மக்கள் இன்றும் கூடுகின்றனர். மற்றவர்களுக்கும் அதே நாளில் இடம் கிடைத்தது. ஒருவர் நாளைப் பிடுங்காமல், அதையே எல்லாருக்கும் விரித்துக் கொடுத்தது எவ்வளவு நல்ல யோசனை!

நம்மவர்களும் உண்டு

அந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் தமிழர்களும் இருக்கின்றனர். 1860ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 16ம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் சென்றவர்கள் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்தனர். 1911 வரை, இந்தியாவிலிருந்து இப்படிச் சென்றவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்!

அவர்களின் கொள்ளுப்பேரர்களும் எள்ளுப்பேரர்களும் இன்று அங்கே தென்னாப்பிரிக்கக் குடிமக்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கின்றனர், தீ மிதிக்கின்றனர். அந்த நாட்டின் அரசியல் சட்டத்திலேயே, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. படிக்கும்போதே பெருமையாக இருக்கிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள், இதற்கு மீண்டும் வருகிறேன்.

அடுப்பு மூட்டும் நாள்

விழா வளர்ந்தது. ஒரு நாளாக இருந்தது போய், இப்போது செப்டம்பர் முழுவதுமே 'பாரம்பரிய மாதம்'. ஒவ்வோர் ஆண்டும் ஒரு கருப்பொருளை அரசு அறிவிக்கிறது.

2005ல் இன்னொரு திருப்பம். 'செப்டம்பர் 24ஐ, பிராய் நாளாகக் கொண்டாடுவோம்' என்று ஒரு பிரசாரம் தொடங்கியது. பிராய் என்றால், திறந்த வெளியில் நெருப்பு மூட்டி, கம்பி வலை மேல் இறைச்சியைச் சுட்டு, கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவது. நோபல் பரிசு பெற்ற பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, 2007ல் இதற்குப் புரவலரானார். 'எந்த நிறத்தவரும், எந்த மொழிக்காரரும் செய்யக்கூடிய எளிய காரியம் இது' என்பது அவர் தரப்பு வாதம். பிராய் நாள் வேகமாகப் பரவியது. கடைகளுக்கும் நல்ல வியாபாரம்!

ஆனால், எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. 'எங்கள் மொழி, பாட்டு, வரலாறு எல்லாம் ஒரு தட்டு இறைச்சியில் அடங்கி விடுமா?' என்று கேட்பவர்களும் உண்டு.

யார் சொல்வது சரி? என் கருத்தைச் சொல்கிறேன். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்கள், ஒரே நெருப்பைச் சுற்றி உட்காருவது சின்ன விஷயம் இல்லை. எனவே, நெருப்பு மூட்டட்டும். ஆனால், அதைச் சுற்றி உட்கார்ந்து என்ன பேசுகிறார்கள் என்பதுதான் முக்கியம். நெருப்பு ஒரு சாயங்காலத்தில் அணைந்து விடும். அங்கே தாத்தா சொன்ன கதை, அறுபது ஆண்டுகள் இருக்கும். கதை இல்லாவிட்டால், அது வெறும் விருந்து.

இன்னொன்று. பாரம்பரியம் என்றால் பட்டும் பாசிமணியும் மட்டும்தானா? பட்ட வலியும் பாரம்பரியம்தான். கேப் டவுன் நகரில், 'மாவட்டம் ஆறு' என்ற பகுதி இருந்தது. பல இனத்தவரும் கலந்து வாழ்ந்த இடம். 1966ல், 'இது வெள்ளையருக்கு மட்டும்' என்று அரசு அறிவித்தது. 60 ஆயிரம் பேர் வரை வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. இன்று அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் தரையில், பழைய தெருக்களின் பெரிய வரைபடம். அங்கே குடியிருந்தவர்கள், தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதி வைத்திருக்கின்றனர். இதற்கு மாறுவேட உடை எதுவும் கிடையாது. ஆனால், மறக்கக் கூடாத பாரம்பரியம் அது.

பேச ஆளில்லாத மொழி

தென்னாப்பிரிக்க அரசு முத்திரையில், 'பலவகை மக்கள் ஒன்றுபடுக' என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறது. அது, 'ஸாம்' என்ற பழங்குடி மொழியில் எழுதப்பட்டது. இன்று அந்த மொழியைப் பேச, உலகில் ஒருவர் கூட இல்லை!

அப்படியானால், வாசகம் எப்படிக் கிடைத்தது? 1870களில், கேப் டவுனில் சிறைப்பட்டிருந்த ஸாம் மக்கள் சிலர், வில்ஹெல்ம் பிளீக், லூசி லாயிட் என்ற இருவரிடம் தங்கள் கதைகளைச் சொன்னார்கள். அவர்கள் நோட்டு நோட்டாக எழுதி வைத்தனர். கேட்க இரண்டு பேர் இருந்ததால், இவ்வளவாவது மிஞ்சியது. பேசப் பிள்ளைகள் இருந்திருந்தால், மொழியே மிஞ்சியிருக்கும்.

இப்போது தமிழுக்கு வருவோம். அரசியல் சட்டத்தில் பெயர் இருந்தும், டர்பன் தமிழர் வீடுகளில் பலவற்றில் இன்று ஆங்கிலமே பேச்சு மொழி. காவடி தெரியும்; பேசத் தெரியாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடல் கடந்து போய், கஷ்டப்பட்டு, ஆங்கிலத்தில் படித்தால்தான் பிழைப்பு என்ற நிலையில் வாழ்ந்தவர்கள். கோவிலையும் சடங்கையும் காப்பாற்றியதே பெரிது. தமிழ்ச் சங்கங்கள் வைத்து, மொழியையும் மீட்கப் பார்க்கின்றனர்.

கடல் கடக்காத நமக்கு என்ன சாக்கு? பத்தாயம், குதிர், உரி என்று பாட்டி சொன்னால், 'அப்படின்னா என்ன பாட்டி?' என்று கேட்கிறோமா, டிவி சத்தத்தைக் கூட்டுகிறோமா?

விழா வேண்டும். புது உடையும் பலகாரமும் வேண்டும். விழா ஒரு மணி மாதிரி. 'மறந்து விடாதே' என்று ஆண்டுக்கு ஒரு முறை அடிக்கிறது. மணி அடித்தால் மட்டும் பாடம் நடந்து விடுமா? நாம் வகுப்புக்குப் போக வேண்டும்.

ஒரு சின்ன வேலை தரட்டுமா? ஒரு நோட்டு எடுத்துக் கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை தாத்தா, பாட்டி அல்லது பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய், உங்களுக்குத் தெரியாத ஒரு சொல், ஒரு கதை கேட்டு எழுதுங்கள். ஓர் ஆண்டில் 52 சொல், 52 கதை சேர்ந்து விடும். எழுதியதோடு விடாமல், அந்தச் சொல்லைப் பேச்சிலும் பயன்படுத்துங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கலாமா?