போர்க்களச் சித்திரகாரர் ஒருவர்

சரித்திரம் பயிலும் மாணாக்கர் கல்வெட்டையும் செப்பேட்டையும் சான்றாகப் போற்றுவர். சித்திரத்தையோ சுவரை அலங்கரிக்கும் பொருளென்றே பெரும்பாலும் எண்ணிவிடுகின்றனர். சித்திரமும் ஒரு சாட்சியே. ஆயினும், மன்றத்தில் ஏறும் எச்சாட்சியையும் போல, அதனையும் வினவி ஆராய்ந்த பின்னரே ஏற்றல் வேண்டும். ராபர்ட் ஹோம் என்பாரது வாழ்க்கை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இங்கிலாந்தில் ஹல் என்னும் நகரில் 1752-ல் பிறந்த ஹோம், 1791-ல் சென்னை வந்து சேர்ந்தார். காரன்வாலிஸ் பிரபு அப்போது திப்பு சுல்தானோடு போர் புரிந்துகொண்டிருந்தார். ஹோம் அச்சேனையுடன் சென்று, மலைகளையும் மலைக்கோட்டைகளையும் வரைந்தார். அவை 1794-ல் மைசூர்க் காட்சிகளாக நூலுருப் பெற்றன. பின்னர் அவர் கல்கத்தாவிலும் லக்னோ நவாபின் அரசவையிலும் சித்திரம் தீட்டி வாழ்ந்து, 1834-ல் கான்பூரில் காலமானார்.

திப்புவின் இளமைந்தர் இருவர் 1792 பிப்ரவரியில் காரன்வாலிஸிடம் பிணையாக ஒப்புவிக்கப்பட்ட நிகழ்ச்சியே ஹோம் தீட்டிய பெருஞ்சித்திரங்களுள் புகழ் வாய்ந்தது. அதில் யானைகளைக் காண்கிறோம். பிரபுவின் கனிந்த வரவேற்பைக் காண்கிறோம். முந்திய ஆண்டு மே மாதத்தில் அச்சேனையே உணவின்றி, இழுவை மாடுகள் மடிய, தன் பெரும்பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுச் சீரங்கப்பட்டணத்தினின்று பின்வாங்கியதை அதில் காணோம். பிள்ளைகளைப் பிரிந்த குடும்பத்தாரையும் காணோம். சித்திரகாரர் பொய் வரைந்தார் அல்லர். எவருடைய பாசறையில் நின்றாரோ, அவருடைய கண்ணால் பார்த்தார்.

இஃது எங்கோ நிகழ்ந்த கதை என்று நாம் ஒதுக்குதற்கில்லை. அப்போரின் முடிவில் நம்மை அடுத்த திண்டுக்கல் சீமை கும்பெனியார் கைப்பட்டது. அவ்வாண்டிலேயே தாமஸ் டேனியலும், அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் சென்னையினின்று தெற்கே பயணம் செய்து மதுரைக்கு வந்து, சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் அரண்மனையை வரைந்தனர். படை சென்ற வழியே தூரிகையும் சென்றது.

அந்நியர் வரைந்தவை நமக்கெதற்கு என்பாரும் உளர். அக்கூற்று எனக்கு உடன்பாடன்று. நேப்பியர் பிரபு கவர்னராயிருந்த காலத்தில் (1866-72) பழுதுபார்க்கப்படுவதற்கு முன் அரண்மனை இருந்த நிலையை அச்சித்திரங்களே நமக்குக் காட்டுகின்றன. பிளாக்பர்ன் கலெக்டராயிருந்தபோது இடிக்கப்பட்ட மதுரைக் கோட்டை மதிலும் இன்றில்லை. வெளிவீதிகளே அதன் அடையாளமாய் நிற்கின்றன. மறைந்ததைக் காத்துத் தந்தவர்க்கு நன்றி பாராட்டுதல் நம் கடன். ஆனால், ஆட்சி மாறியபோது திண்டுக்கல் உழவன் என்ன எண்ணினான் என்பதை அச்சித்திரங்களிடம் கேட்டுப் பயனில்லை. அது அவன் பக்கத்தில் நின்று வரைந்தவன் சொல்லவேண்டியது.

எனவே, அப்பணி நம்முடையது. யானைமலையும், நாகமலையும், கண்மாய்க்கரைகளும் இன்னும் நம் கண்முன் உள்ளன. 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமென்று அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியிலேயே சுரங்கம் தோண்ட ஏற்பாடாகி, ஊரார் எதிர்ப்பினால் 2025-ல் அது கைவிடப்பட்டது. ஆகலின், நிற்பன யாவும் என்றும் நிற்கும் என்று நம்புதற்கில்லை. மாணவர்காள், விடுமுறையில் ஊர் செல்லுங்கால் ஒரு பென்சிலும் சில தாள்களும் உடன்கொண்டு செல்லுங்கள். குன்றை வரையுங்கால் அதனடியில் கல்லுடைப்பவனையும், கண்மாயை வரையுங்கால் மடை திறப்பவனையும் விடாது வரையுங்கள். நம் நாட்டைப்பற்றி நாளைய சந்ததியார்க்குச் சாட்சி கூறும் உரிமையைப் பிறர்க்கே விட்டுவிடலாகாது.