குரங்கின் மேல் பழி வேண்டாம்

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறும் பக்தர்களின் கையிலுள்ள வாழைப்பழத்துக்கு முதல் உரிமை கொண்டாடுபவை அங்குள்ள குரங்குகள். எய்ட்ஸ் குரங்கிலிருந்து வந்தது என்று கேள்விப்பட்டவர்களுக்கு இவற்றின் மீதும் சந்தேகம் எழலாம். வைரஸ்களின் மரபணுக்கள் சொல்லும் கதையோ வேறு.

சித்தூருக்குப் பக்கத்து ஊரான வேலூருக்கு இக்கதையில் பங்குண்டு. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் சோதிக்கப்பட்டன. எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டது தெரிந்தது. அதன் பூர்வீகத்தைக் காட்டியது மரபணு ஒப்பீடு.

எச்.ஐ.வி.யில் இரண்டு வகை. உலகெங்கும் பரவிய எச்.ஐ.வி.-1இல் 'விபியு' என்ற மரபணு இருக்கிறது. மத்திய ஆப்பிரிக்க சிம்பன்சிகளின் வைரஸிலும் அது உண்டு. எச்.ஐ.வி.-2இல் அது கிடையாது. 'விபிஎக்ஸ்' என்ற வேறொரு மரபணு இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மங்காபே குரங்குகளின் வைரஸிலும் இருப்பது அதுவே. மொத்த மரபணு வரிசையை ஒப்பிட்டாலும் எச்.ஐ.வி.-2க்கு நெருங்கிய சொந்தம் மங்காபே வைரஸ்தான், எச்.ஐ.வி.-1 தூரத்து உறவு.

இந்த வம்சத்து வைரஸ் ஆசியக் குரங்குகளிடம் இயற்கையில் காணப்படவில்லை. அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் செம்முகக் குரங்குகளுக்கு அது மங்காபேயிடமிருந்து தொற்றியது. பரம்பரையாக வைரஸைச் சுமக்கும் மங்காபே பொதுவாக நோயில் விழுவதில்லை. புதிதாகப் பெற்ற செம்முகக் குரங்குகளோ எய்ட்ஸ் போன்ற நோயால் மடிந்தன. ஆக, ஆசியக் குரங்கு நோயை வாங்கியதே தவிர, கொடுக்கவில்லை.

இந்த வம்சாவளி வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. எச்.ஐ.வி.-2 இந்தியாவிலும் இருக்கிறது. நெவிரபின், எபவிரன்ஸ் மருந்துகள் எச்.ஐ.வி.-1ஐ அடக்கும், எச்.ஐ.வி.-2இடம் பலிக்காது. இப்போது தரப்படும் டொலுடெக்ராவிர் இரண்டுக்கும் எதிராக வேலை செய்கிறது. ஆனாலும் எந்த வகை என்று அறியாமல் மருந்தை மாற்றுவது ஆபத்து.

திருமலையில் குரங்கு கடித்தால் அஞ்ச வேண்டியது எய்ட்ஸுக்கு அல்ல, ரேபிஸுக்கு. காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.