தலைப்பாகையைப் பற்றி போலீஸுக்கு ஏன் பாடம்?

2001 செப்டம்பர் 15. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், மேசா நகரம். தன் பெட்ரோல் பங்க் வாசலில் நின்றிருந்த பல்பீர் சிங் சோதி சுட்டுக் கொல்லப்பட்டார். இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து நான்கே நாள். கொலையாளி பார்த்தது தலைப்பாகையையும் தாடியையும் மட்டும்தான்.

சரி, கொலைகாரனுக்குத்தான் ஆள் தெரியவில்லை. விசாரிக்கும் போலீஸுக்காவது தெரிய வேண்டாமா?

2012-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஓக் கிரீக் குருத்வாராவில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போதுகூட எஃப்.பி.ஐ.யின் வெறுப்புக் குற்றப் பதிவில் சீக்கியர்களுக்குத் தனிக் கட்டம் கிடையாது. 2015-ல்தான் வந்தது. ஆனால், அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியது உள்ளூர் போலீஸ். எதிரில் நிற்பவர் சீக்கியர் என்றே அவருக்குத் தெரியாவிட்டால், கட்டம் இருந்து என்ன பிரயோஜனம்? நடந்த குற்றம் கணக்கிலேயே வராமல் போய்விடும். அதனால்தான், சீக்கியர்களைப் பற்றிய பயிற்சி வெறும் மரியாதைப் பாடம் அல்ல, புலனாய்வுப் பாடம்.

என்ன சொல்லித் தரணும்?

அமிர்தம் ஏற்ற சீக்கியருக்கு கிர்பான் என்ற குறுவாள் ஐந்து மத அடையாளங்களில் ஒன்று. பிரிட்டனில் 1988-ம் ஆண்டு குற்றவியல் நீதிச் சட்டமே, மதக் காரணத்துக்காகக் கத்தி வைத்திருப்பதை ஏற்கிறது. இது தெரியாத காவலருக்கு அது வெறும் கத்தி, உடனே கைதுதான்.

தலைப்பாகையைச் சோதிக்க வேண்டுமா? காரணத்தைச் சொல்லி, தனி அறையில் அவரையே அவிழ்க்கச் சொல்லலாம். அதைத் தரையில் போடாமல் சுத்தமான இடத்தில் வைக்கலாம். தலையை மூட ஒரு துணி கொடுக்கலாம்.

'எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே, இவங்களுக்கு மட்டும் என்ன சலுகை?' என்று சிலர் கேட்கலாம். இது சலுகையே இல்லை. சோதனை நடக்கத்தான் போகிறது. அவமானம் மட்டும்தான் மிச்சமாகிறது.

ஆனால், ஒரு மணி நேர ஸ்லைடு ஷோ போதாது. டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டியில் 2015-ல் தலைப்பாகை, தாடியோடு பணியாற்ற அனுமதி பெற்றவர் சந்தீப் சிங் தலிவால். 2019-ல் பணியில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு ரோந்து போன சக காவலர்களுக்கு தலைப்பாகை என்றால் என்ன என்று தனியாக வகுப்பு எடுக்கத் தேவை இருந்திருக்காது.

பயிற்சி வேண்டும். கூடவே, காக்கிக்கு மேல் தலைப்பாகைக்கும் இடம் வேண்டும்.