காத்து படிக்கத் தெரிஞ்சவனுக்கு ரேஞ்ச் எங்கே?

2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்காக அஜித் திருச்சி ரைபிள் கிளப்புக்கு வந்தார். வெளியே கூடிய கூட்டத்தை வீடியோவில் நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர், "இது எத்தனை மீட்டர் போட்டி? நாம சேரணும்னா யாரைப் பார்க்கணும்?"னு கேட்டிருப்பாங்க? தலயைப் பார்த்தோம், கை காட்டினார், பஸ் ஏறி ஊருக்கு வந்துட்டோம்.

நான் பேராவூரணிப் பக்கத்து ஆள். சொல்லப் போறது கொஞ்சம் பேராசையாத் தெரியலாம். தொலைதூர ரைபிள் போட்டிக்குத் தேவையான திறமையில் பாதி நம்ம கடைமடைப் பசங்க, பொண்ணுங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. மீதிப் பாதியைத் தர வேண்டியது நம்ம கல்லூரிகள். அவங்க தரலைங்கிறதுதான் என் புகார்.

தொலைதூரம்னா எவ்வளவு தூரம்? இங்கிலாந்தில் 1860-ல் விம்பிள்டனில் தொடங்கி, 1890-ல் பிஸ்லிக்கு மாறின போட்டிகளில் இன்னைக்கும் 1000 கெஜம் வரை சுடுறாங்க. கிட்டத்தட்ட 914 மீட்டர். நம்ம ஊர்ல ரோட்டோர டீக்கடையிலிருந்து பார்த்தா, அடுத்த பஸ் ஸ்டாப்புல நிக்கிறது ஆளா மாடான்னு யோசிக்க வைக்கிற தூரம். குண்டு அங்கே போய்ச் சேர ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகும். அதுக்குள்ள குழல் காட்டிய நேர்கோட்டிலிருந்து மூணு மாடி உயரம் கீழே இறங்கிடும். இறக்கத்தைக் கணக்குப் போட்டுச் சமாளிச்சிடலாம். புவியீர்ப்பு யாரையும் ஏமாத்தாது. ஏமாத்துறது காத்துதான். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே ஒரு காத்து அடிச்சா, குண்டு ஏறத்தாழ 2 மீட்டர் ஒதுங்கிப் போகும். நடுவில் இருக்கிற கறுப்பு வட்டமோ அதை விடச் சின்னது. அதனாலதான் இந்த விளையாட்டில் ஜெயிக்கிறது கை பலமோ கண் கூர்மையோ மட்டும் இல்லை. காத்தைப் படிக்கிற ஆள் ஜெயிக்கிறார்.

காத்தைப் படிக்க நமக்கா சொல்லித் தரணும்? மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் கரையில் போய் நில்லுங்க. கொண்டல், கச்சான், வாடை, சோளகம்னு திசைக்கு ஒரு பேர் வெச்சு, அதை நம்பிக் கடலுக்குப் போற மக்கள் அங்க இருக்காங்க. தோப்புல வளர்ந்தவங்களுக்குத் தென்னை மட்டை எந்த அளவு ஆடினா எவ்வளவு காத்துன்னு உடம்புக்கே தெரியும். 2018 நவம்பர் 16-ஐ, கஜாவை, கடந்து வந்தவங்களுக்குக் காத்தைப் பத்தி வகுப்பு எடுக்கிறது தேவையில்லாத வேலை.

இன்னொன்னு, கானல். சித்திரை வெயிலில் அறுத்துக் கிடக்கிற வயலுக்கு மேல காத்து நெளியுமே, அதையேதான் தொலைதூர வீரர்கள் டெலஸ்கோப் வெச்சுப் பார்க்கிறாங்க. அலை வலப்பக்கம் சாய்ஞ்சு ஓடினா காத்து வலப்பக்கம் போகுது. நேரா மேல கொதிச்சா, காத்து நின்னுருக்கு, இல்லைன்னா குழல் பார்த்த கோட்டிலேயே வருது அல்லது போகுது. அலை படுத்துத் தட்டையா ஓடினா காத்து பலம். நாம சும்மா பார்த்துக்கிட்டு நிக்கிற காட்சி, அங்கே அளவுமானி.

நாம இன்ஜினீயரிங் பசங்க வேற. காத்துத் தடையையும் புவியீர்ப்பையும் சேர்த்துக் குண்டின் பாதையைக் கணக்கிடுறது நமக்கு நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பேப்பர். ஈனியாக் கம்ப்யூட்டரை அமெரிக்க ராணுவம் கேட்டு வாங்கினதே பீரங்கிக் குண்டுகளுக்கான அட்டவணை போடத்தான். ரங்கே-குட்டாவை இன்டர்னலுக்கு மனப்பாடம் பண்ற நமக்கு அது எதுக்குன்னு யாரும் சொல்லலை, அவ்வளவுதான்.

சரி, ஆரம்பிக்கிறது எப்படி? நேரா 1000 கெஜத்துக்குப் போக முடியாது, போகவும் கூடாது. ஒலிம்பிக்கில் ரைபிளுக்கு 10 மீட்டரும் 50 மீட்டரும்தான். அதுக்கு மேல 300 மீட்டர், பிக் போர். நம்ம தேசியப் போட்டியிலும் அது உண்டு. ஏணியின் முதல் படி 10 மீட்டர் ஏர் ரைபிள். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர், பேனா வெச்ச புள்ளி அளவு. மூச்சு, நிற்கிற நிலை, ட்ரிகரை அசங்காம இழுக்கிறது எல்லாம் அங்கேதான் படியும். அடுத்த படியான 50 மீட்டரில் காத்து விளையாட ஆரம்பிச்சிடும். நான் மேலே சொன்ன அதே 16 கிலோமீட்டர் காத்து பாயிண்ட் 22 குண்டை ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல தள்ளிவிடும். பத்து விழ வேண்டிய இடத்தில் எட்டு.

தயவுசெய்து துப்பாக்கி வாங்கிட்டு ஆரம்பிக்காதீங்க. போட்டி ரக ஏர் ரைபிள் விலை லட்சத்தில் நிக்குது, அப்பா தோப்பை ஒத்திக்கு வைக்கிற கதை வேண்டாம். முதல் வருஷத்திலேயே என்.சி.சி.யில் சேருங்க. பாயிண்ட் 22 ரைபிளை அரசாங்கச் செலவில் தொட்டுப் பார்க்க நமக்கு இருக்கிற ஒரே வாசல் அதுதான். நல்லா சுட்டா மாநிலங்களுக்கு இடையிலான என்.சி.சி. போட்டி, அங்கிருந்து மாவ்லங்கர் போட்டின்னு வழி போகுது. கேம்ப்ல சாப்பாடு சரியில்லைன்னு விலகி வர்றவங்களை எனக்குத் தெரியும். சாம்பார் தண்ணியாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

இப்ப புகாருக்கு வர்றேன். லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கின ககன் நரங் பிறந்தது சென்னையில், வளர்ந்து சுட்டது ஹைதராபாத்தில். இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில், ரைபிளைக் கையில் எடுத்தது குஜராத்தில். பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போனார், அது ஷாட்கன். ஆனா அவர் அரச குடும்பம், நம்ம வீட்டுக் கதை வேற. அதே பாரிஸில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கின ஸ்வப்னில் குசாலே யாரு? கோலாப்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து வாத்தியார் பையன், அப்ப ரயில்வே டிக்கெட் பரிசோதகரா இருந்தவர். மகாராஷ்டிர அரசின் விளையாட்டுத் திட்டம் அவரைப் பள்ளி வயசிலேயே எடுத்துக்கிச்சு. 2010-ல் 50 மீட்டர் ப்ரோனில் உலக சாம்பியன் ஆன தேஜஸ்வினி சாவந்தும் அதே கோலாப்பூர்தான். கரும்பு விளையிற மாவட்டம் உலக சாம்பியனை விளைவிக்குது. நெல்லும் தென்னையும் விளையிற மாவட்டம் வேடிக்கை பார்க்குது. மண்ணு வித்தியாசம் இல்லை இது.

10 மீட்டர் ரேஞ்சுக்கு என்ன வேணும்? ஒரு நீள அறை, குண்டைப் பிடிக்கிற தடுப்பு, நல்ல வெளிச்சம், பூட்டுப் போட்ட பீரோ, முறையா படிச்ச ஒரு பயிற்சியாளர். சிம்போசியம் மேடைக்கும் டிஜேவுக்கும் செலவழிக்கிற கல்லூரிக்கு இது பெரிய காசு இல்லை. "காலேஜுக்குள்ள துப்பாக்கியா?"ன்னு முதல்வர் பதறுவார். நியாயமான பயம்தான், சிரிக்காதீங்க. 2016 ஆயுத விதிகள்படி 4.5 மில்லிமீட்டருக்குள், 20 ஜூலுக்குள் இருக்கிற ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லைன்னு சொல்லுங்க. முதல் நாள் பாடமே குழலை ஆள் இருக்கிற பக்கம் திருப்பக் கூடாதுங்கிறதுதான்னும் சொல்லுங்க. லேத் ஷாப்பை ஒழுங்கா நடத்துற கல்லூரியால் இதையும் நடத்த முடியும்.

அதுவரைக்கும் திருச்சி இருக்கு. பேராவூரணியிலிருந்து புதுக்கோட்டை வழியா ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வாரத்துக்கு ஒருநாள் போய் வர முடியும், மாசக் கடைசியில் கஷ்டம்தான். நாலு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதி முதல்வர் அறைக்குப் போங்க. கூட ஒரு என்.சி.சி. ஆபீசரைக் கூட்டிட்டுப் போனா உட்காரச் சொல்வாங்க.