மலட்டு மாடா, பசித்த மாடா?



போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இரண்டு வாரங்களாக என் மேசை மீது இருக்கிறது. கணவரை இழந்தவர். கடனில் வாங்கிய ஒரு ஜெர்சிக் கலப்புப் பசுவே அவ்வீட்டின் வருவாய். சென்ற பங்குனியில் அது இரண்டாம் கன்றை ஈன்றது. அதன் பின்னர் மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. பாலும் குறைந்துவிட்டது. "மலட்டு மாட்டைக் கட்டிவைத்து எதற்குத் தீனி போடுகிறாய்? தீபச் சந்தையில் தள்ளிவிடு" என்று உறவினர்கள் நெருக்குகிறார்களாம். கடனில் எட்டுத் தவணைகள் பாக்கி. விற்கலாமா, வேண்டாமா என்று கேட்கிறார்.

மஸ்அலா கேட்டிருந்தால் கிதாபைப் புரட்டி விடை எழுதியிருப்பேன். மாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். கல்லூரியில் நான் படித்ததோ வரலாறு. ஆயினும் இக்கேள்வியை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. காரணம், இதே தவற்றை எங்கள் வீட்டில் நாங்களே செய்திருக்கிறோம்.

நான் மதரஸாவில் பணிக்குச் சேர்ந்த புதிதில் என் தாயார் ஒரு கலப்பினப் பசுவை வளர்த்து வந்தார்கள். மூன்றாம் ஈற்றுக்குப் பின் அது சினைப்படவில்லை. பால் குறையக் குறைய, "கறக்காத மாட்டுக்குப் புண்ணாக்கு எதற்கு?" என்று நாங்கள் தீனியைக் குறைத்தோம். வைக்கோலும் கழுநீரும் மட்டுமே மிஞ்சின. கார்த்திகை தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தைக்கு அதனை ஓட்டிச் சென்றேன். தரகர் அதன் இடுப்பெலும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். துண்டை விரித்து அதன் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசினார். அடிமாட்டு விலை என்பார்களே, ஏறக்குறைய அந்த விலைக்குத்தான் போயிற்று.

ஓராண்டுக்குப் பின், ஒரு ஜனாஸாவுக்காகச் செங்கம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் போயிருந்தேன். சாலையோரக் கொட்டகையில் நெற்றியில் வெள்ளைச் சுட்டியுடன் நின்ற பசுவைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. அருகே ஒரு கிடாரிக் கன்று. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று அதன் உரிமையாளரான முதியவரிடம் வியப்போடு கேட்டேன். "மருந்தெல்லாம் ஒண்ணுமில்ல பாய். வயித்துக்குப் போட்டேன், அவ்வளவுதான்" என்றார். வீட்டுக்கு வந்து தாயாரிடம் இதை நான் சொல்லவேயில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அந்த முதியவரின் சொல்லுக்கு ஆராய்ச்சியின் சான்றும் உண்டு என்பதைக் கால்நடை மருத்துவரான நண்பர் ஒருவர் வழியே பின்னாளில் அறிந்தேன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், இறைச்சிக்காக வளர்க்கப்படும் ஹியர்ஃபோர்ட் இனப் பசுக்களைக் கொண்டு வில்ட்பேங்க் என்பவரும் அவருடைய தோழர்களும் ஓர் ஆய்வு நடத்தி, 1962ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பசுக்களை நான்கு பிரிவுகளாக்கினர். ஒரு பிரிவுக்குக் கன்று ஈனுவதற்கு முன்னும் பின்னும் நிறைவான தீவனம். மற்றொரு பிரிவுக்கு இரு காலத்திலும் அரைவயிறு. ஏனைய இரு பிரிவுகளுக்கும் ஒரு காலத்தில் நிறைவு, ஒரு காலத்தில் குறைவு. இரு காலத்திலும் நிறைவாகத் தின்றவற்றில் நூற்றுக்கு 95 சினைப்பட்டன. இரு காலத்திலும் அரைவயிற்றோடு இருந்தவற்றிலோ நூற்றுக்கு 20 மட்டுமே சினைப்பட்டன. ஈனுவதற்கு முன் பட்டினி கிடந்தவை பருவத்துக்கு வரத் தாமதித்தன. ஈன்ற பின் பட்டினி கிடந்தவற்றில் பருவத்துக்கு வந்தும் கரு தங்காதவை பல. கருப்பையில் எந்தக் கோளாறும் இல்லாத பசுக்கள்தாம் இவை.

அவை இறைச்சி மாடுகள், நம்முடையவை கறவை மாடுகள் என்று ஒருவர் கூறலாம். உண்மைதான். ஆனால் உடல் தன் வருவாயைப் பங்கிடும் முறை இரண்டுக்கும் ஒன்றே. தின்பதில் முதற்பங்கு மூச்சுக்கும் நடைக்கும் உடற்சூட்டுக்கும் போகிறது. அடுத்த பங்கு, வளரும் பருவமாயின் வளர்ச்சிக்கு. அதன்பின் பாலுக்கு. இவை போக மிச்சமிருந்தால்தான் அடுத்த கருவுக்கு. உடலின் கொழுப்புச் சேமிப்பு கரைந்துகொண்டே போனால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி சினைப்பையைத் தூண்டும் சுரப்புநீரைப் போதிய அளவில் விடுவதில்லை. முட்டை முதிர்வதில்லை. கன்றைக் காப்பாற்ற வழியில்லாத காலத்தில் கருத்தரிக்காமல் இருக்குமாறு அல்லாஹ் அந்த உடலை அமைத்திருக்கிறான். அதைத்தான் நாம் மலடு என்கிறோம்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். சித்திரை முதல் ஆனி வரை இங்கே பச்சை என்பதே கண்ணில் படாது. போளூர்ச் சகோதரியின் பசு ஈன்றது பங்குனியில். அதாவது பால் மிகுதியாகச் சுரக்கும் மாதங்களும் தீவனம் மிகக் குறைந்த மாதங்களும் ஒன்றாக வந்துவிட்டன. கறந்த பாலில் ஒரு பகுதி அதன் சொந்தத் தசையிலிருந்து வந்தது என்றால் மிகையன்று. நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். அதிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்தையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. வைக்கோலில் வயிறு புடைத்திருக்கும், உடல் பசித்திருக்கும்.

ஆகவே அந்தச் சகோதரிக்கு நான் முதலில் சொல்வது, தீபச் சந்தைக்கு ஓட்டாதீர்கள் என்பதே. ஐப்பசி மழையில் புல் தலைகாட்டும் நேரத்தில், ஆறு மாதப் பசியோடு அதை விற்றுவிட்டால், பச்சையைத் தின்று தேறிய உடலின் பயன் வாங்குகிறவருக்குப் போய்ச் சேரும். எங்கள் பசு செங்கத்துக்குப் போனதுபோல.

விற்காமல் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லா மாட்டுக்கும் பசிதான் காரணம் என்று நான் கூறவில்லை. கருப்பையில் சீழ் இருக்கலாம். புருசெல்லா என்னும் கிருமி இருக்கலாம். இக்கிருமி காய்ச்சாத பாலின் வழியாகவும், நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பதாலும் மனிதருக்கும் தொற்றும் என்பதை வீட்டுப் பெண்கள் அவசியம் நினைவில் வைக்க வேண்டும். அத்தகைய நோய் இல்லையெனத் தெரிந்தபின் குடற்புழு நீக்கம் செய்துவிட்டுத் தீனியைக் கவனியுங்கள்.

நம் பகுதி மணிலாப் பகுதி. கடலைக்கொடியில் வைக்கோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் புரதம் உண்டு. அதைப் பிறருக்கு விற்றுவிட்டு வைக்கோல் வாங்கும் வீடுகளை நான் அறிவேன். வேலியோரத்தில் அகத்தி வளர்க்கலாம். சூபாபுல் தழையும் நன்றே. ஆனால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அடர்தீவனம் உடலைப் பேண நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்பது பொதுக்கணக்கு. அந்த ஒன்றரைக் கிலோவைப் பால் வற்றினாலும் நிறுத்தக் கூடாது. நாங்கள் நிறுத்தியது அதைத்தான்.

வைக்கோலைத் தவிர வேறில்லை என்போருக்கு யூரியா ஊட்டமேற்றும் முறை உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை ஏறத்தாழ 65 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைக்க வேண்டும். பின்பு எடுத்து, நெடி போக ஆற்றி, சிறிது சிறிதாகப் பழக்கித் தர வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குத் தரலாகாது. யூரியாவை நேரடியாகத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் அது நஞ்சு. முதன்முறை தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

தாது உப்புக் கலவை நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தயாரிக்கும் கலவையும் உண்டு. (அப்பல்கலைக்கழகம் தோன்றியதும், நம் மாவட்டம் வட ஆர்க்காட்டிலிருந்து தனியே பிரிந்ததும் 1989ஆம் ஆண்டு செப்டம்பரில்தான். வரலாறு படித்தவனுக்கு இத்தகைய ஒற்றுமைகள் கண்ணில் படாமல் போவதில்லை!)

தீனி என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வலீமா விருந்தில் மிஞ்சிய சோற்றை, வீணாகிறதே என்ற நல்லெண்ணத்தில் அண்டை வீட்டு மாட்டுக்குக் கூடைகூடையாகக் கொட்டுகிறோம். சோறு மாட்டின் முதல் இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகிறது. வயிறு உப்பி ஓரிரு நாளில் மாடு இறந்துபோவதும் உண்டு. குர்பானிக்கு வாங்கிக் கட்டியிருக்கும் ஆட்டுக்குப் பிள்ளைகள் அன்போடு ஊட்டும் பிரியாணியும் இதே வகைதான்.

கிடாரி வைத்திருப்போர் வயதை மட்டும் எண்ணாதீர்கள். குர்பானி மாட்டுக்கு இரண்டு வயது நிறைந்ததா என்று பல்லைப் பார்க்கிறோம். அங்கே அது சரி. கிடாரி பருவத்துக்கு வருவதை முடிவு செய்வதோ பெரும்பாலும் உடல் எடைதான். முதிர்ந்த பசுவின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எட்டிய பின்பே சினைப்படுத்துவது நல்லது. நன்கு வளர்த்தால் விரைவில் எட்டும். மெலிந்த கிடாரி மூன்று வயதாகியும் பருவத்துக்கு வராமல் நிற்கும்.

மீண்டும் போளூருக்கு. சகோதரியே, உங்கள் பசுவின் விலாப்புறத்தைப் பாருங்கள். பின் விலாவில் ஓரிரண்டு எலும்புகள் மட்டும் தெரிந்தால் உடல் போதுமானது. எல்லா விலாவும் முதுகெலும்பின் முனைகளும் எண்ணும்படி இருந்தால் அது பசித்த மாடுதான். தேறுவதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அவசரம் வேண்டாம். அந்நாட்களில் பருவ அறிகுறிகளைக் கவனியுங்கள். அடிக்கடி கத்தும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், மற்ற மாட்டின் மீது தாவும், கண்ணாடிபோல் தெளிந்த திரவம் வழியும். காலையில் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடச் செய்யுங்கள். திரவம் தெளிவாயில்லாமல் மங்கலாகவோ சீழாகவோ இருந்தால் ஊசி போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தேதியை நாட்காட்டியில் குறித்து 21ஆம் நாளுக்கு எதிரே ஒரு வட்டமிடுங்கள். அன்றைய தினமும் அதற்கு முன்பின் இரண்டு நாட்களும் பசு கத்தாமல் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். மூன்று மாதத்தில் மருத்துவர் சோதித்து உறுதி சொல்வார்.

தை பிறந்தபின் ஒரு வரி எழுதுங்கள், தாயாரிடம் படித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.