கார் ஷெட்டின் மேல் உறங்குபவர்

வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கார் ஷெட்; அதன் மேல் தகரக் கூரை போட்ட ஓர் அறை. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பும் வீடுகள் பலவற்றில் இதனைக் காண்கிறோம். அங்கே பெரும்பாலும் ஓட்டுநரோ காவலாளியோ தங்குகிறார். சில வீடுகளில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு அந்த அறை ஒதுக்கப்படுகிறது.

அண்மையில் எங்கள் வீட்டிலும் அத்தகைய அறை ஒன்றைக் கட்டினோம். வெப்பம் இறங்காமலிருக்க என்ன செய்யலாம் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "ஓட்டுநர்தானே தங்கப் போகிறார், தெர்மாகோல் போதும்" என்றார். நானும் தலையசைத்தேன். இதைக் கேட்ட என் வாப்பா, "சவூதியில் நான் பதினெட்டு வருஷம் படுத்ததும் ஷெட்டை ஒட்டிய அறையில்தான்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகே இதைப் பற்றிச் சரியாக விசாரித்தேன்.

தகரம் வெயிலில் காய்ந்து, அடுப்பின் மேல் வைத்த கல்லைப் போல் கீழ்நோக்கி வெப்பத்தை வீசுகிறது. மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே சுழற்றுகிறது. எனவே கூரையின் மேற்புறத்தில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சும், அடிப்புறத்தில் வெப்பத்தைத் தடுக்கும் ஓர் அடுக்கும் தேவை. அந்த அடுக்கு எதுவாக இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

ஒரே கனத்தில் எடுத்துக்கொண்டால், தெர்மாகோலும் ராக்வூல் எனப்படும் பாறை இழைப் பஞ்சும் வெப்பத்தைத் தடுப்பதில் ஏறத்தாழ சமமே. பி.யு.எஃப். பலகை இரண்டையும் விஞ்சும். வேறுபாடு தீயில்தான் தெரியும். தெர்மாகோல் சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். தீப்பற்றினால் உருகிச் சொட்டி, கரும்புகை கக்கும். பி.யு.எஃப். பலகையும் எரியக்கூடியதே, அதன் புகை நச்சு மிக்கது. ராக்வூலின் இழைகளோ 1000 டிகிரிக்கு மேல்தான் உருகும், அவை எரிவதில்லை. சாதாரண அறைக்கு இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இந்த அறையின் கீழே பெட்ரோல் நிரம்பிய வாகனம் நிற்கிறது; இரவெல்லாம் மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் ஏறுகிறது. மேலே ஒருவர் உறங்குகிறார்.

ராக்வூலைத் தேர்ந்தால் மட்டும் போதாது. அது நனைந்தால் பயனிழக்கும்; ஆகவே முதலில் கூரையின் ஒழுக்கை அடைக்க வேண்டும். இழைகள் உதிராதவாறு அடியில் ஜிப்சம் பலகையால் மூட வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் அதனை அறுக்கவோ துளையிடவோ கூடாது. அறையின் தளத்தில் இடுக்குகள் இருத்தலும் ஆபத்து: ஓடும் எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. படிக்கட்டு ஷெட்டின் உள்ளே அல்லாமல் வெளியே அமைய வேண்டும். தீப்பிடித்தால் தப்பும் வழி அது ஒன்றே.

"ஏசி வைத்துவிட்டால் ஆயிற்று" என்பார் சிலர். தடுப்பில்லாத தகரத்தின் கீழ் ஏசி ஓயாமல் ஓடும், மின்கட்டணம் ஏறும். இது வீண்விரயமன்றி வேறென்ன? ராக்வூலுக்குத் தெர்மாகோலைவிடச் செலவு கூடும் என்பது உண்மையே. முகப்பு வாயிலின் அலங்காரத்தில் ஒரு பகுதியைக் குறைத்தோம். அந்தச் செலவு ஈடாகிவிட்டது.

நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் அந்நிய மண்ணில் பிறர் வீட்டு ஷெட்டை ஒட்டி உறங்கிச் சம்பாதித்தவர்கள். அந்தப் பணத்தில் எழுந்த வீட்டில் அதே அறையை நாம் இன்னொருவருக்குக் கட்டுகிறோம். நமக்கு விரும்புவதையே பிறருக்கும் விரும்பக் கற்றவர்கள் நாம். ஆகவே பொருளைத் தேர்வதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம்: சித்திரை வெயிலில் ஒரு பகலும், கீழே வண்டி நிற்க ஓர் இரவும் அந்த அறையில் நாம் படுப்போமா? நம் பிள்ளையைப் படுக்க வைப்போமா? இல்லையென்றால், அந்தக் கூரை இன்னும் முடியவில்லை என்றே பொருள்.