ஊர் நடப்பு: பெருங்கடை வரி



மரக்கறிக்கு லா சப்பல், மற்றச் சாமானுக்குக் கார்ஜில் உள்ள பெருங்கடை என்பது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. அப்பெருங்கடைகள் தனியாக ஒரு வரி கட்டுகின்றன. விற்பனைத் தளம் 400 சதுர மீட்டருக்கு மேற்பட்டால்தான் இவ்வரி. நம்மவரின் சிறு கடைகளுக்கு இல்லை.

1972 இல் இதைக் கொண்டுவந்தபோது, பெருங்கடைகளால் பிழைப்பு இழந்த வயோதிப வியாபாரிகளுக்கு உதவுவதே நோக்கம். நல்ல நோக்கம். 2011 முதல் பணம் நகரசபைகளுக்கும் அவற்றின் கூட்டமைப்புகளுக்கும் போகிறது. ஓர் எல்லைவரை வீதத்தைக் கூட்டவும் அவற்றுக்கு அதிகாரமுண்டு. கூட்டட்டும், ஆனால் கடையை மூடும் முதியவருக்கென அதில் இன்று தனிப் பங்கு இல்லையே!

கார்ஜ் சேர்ந்துள்ள ருவாசி பெய் து பிரான்ஸ் கூட்டமைப்பின் சபைக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. வரவுசெலவுத் திட்டம் எடுக்கப்படும் நாளில், பிரெஞ்சு தெரிந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாலு பேராவது போயிருந்து கேட்போம்.